ஆடாத முக்காலி

உக்காருங்க, உக்காருங்க. ஆளுக்கொரு முக்காலிய இழுத்துப் போட்டு உக்காருங்க. பேச்சக் கொஞ்சம் நிறுத்துங்க சாமி, காதுல வண்டு பூந்த மாதிரி இருக்கு. தம்பி, உளியத் தொடாதீங்க. நீங்க அதத் தொட்டா பரவால்ல, அது உங்களத் தொட்டுச்சுன்னா வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்குத்தேன் போகணும். இங்கேருந்து ரெண்டு மணி நேரம், நடுவுல ஒரு பஞ்சு வாங்கக்கூட கடையில்ல. மஞ்சச் சுடிதார் போட்ட தங்கச்சி, போன உள்ள வைங்க. சிக்னலு அந்தப் பலா மரத்து உச்சியிலதேன் இருக்கு. வேணும்னா ஏறிக்கங்க.

ஏன் எல்லாரும் பாதி உக்காந்து பாதி நிக்கிறீங்க? முழுசா உக்காருங்க. ஆடாது. இன்னாசி செஞ்ச முக்காலி ஆடாது. ஒண்ணே ஒண்ணுதேன் ஆடுச்சு. அது ஆடுன ஆட்டத்துல எம் மக கல்யாணம் நின்னு போச்சு.

சிரிக்கிறீங்க பாருங்க. சரி, சிரிங்க. நானும் மொதல்ல சிரிச்சேன்.

உங்கள இங்க அனுப்புனாரே விடுதி மொதலாளி, அவரு என்னையப் பத்தி என்னா சொன்னாரு? பெரிய கைவேலக்காரரு, போயி அர நா இருந்து கத்துக்கிட்டு வாங்கன்னா? அந்த மனுசன் மொதமொதல்ல இங்க வந்தப்ப எப்பிடிப் பேசுனாரு தெரியுமா? கண்ணாடிய நெத்தி மேல ஏத்திக்கிட்டு, ரெண்டு கையையும் இப்பிடி விரிச்சுக்கிட்டு, "இன்னாசி அண்ணே, எனக்கு ரஸ்டிக்கா வேணும். ரொம்ப ரஸ்டிக்கா வேணும். ஆனா நீட்டா இருக்கணும்." நான் செலினக் கேட்டேன், என்னாத்தா இது, ரஸ்டிக்குன்னா என்னா? "பட்டய முழுசாச் சீவாம, கோணலக் கோணலாவே விட்டுர்றதுப்பா"ன்னா. அடப்பாவிகளா, அதத்தான நான் சின்ன வயசுலருந்து செய்யிறேன்! எங்கூரு ஆசாரி அதுக்கு வேற பேருல்ல வச்சிருந்தாரு. அத இந்தத் தங்கச்சிக முன்னாடி சொல்ல முடியாது.

அந்தா, வாசப்படியில உக்காந்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறாளே, அதேன் செலினு. எம் மக. கேக்குதா? சர்ரு, சர்ரு. காலையில ஆரம்பிச்சா பொழுது சாயிற வரைக்கும் அந்தச் சத்தந்தேன். சின்னதுல பெரிய வாயாடி. இப்ப மூணு மாசமா எங்கிட்ட ஒரு பேச்சு கெடையாது. சோத்த வைப்பா, தண்ணி வைப்பா, வாயத் தொறக்க மாட்டா. கல்யாணம் தள்ளிப்போன ஏக்கம். வேற ஒண்ணுமில்ல. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? சொல்லுங்க.

சரி, வேலைக்கு வருவோம். வேலையச் சொன்னாத்தேன் கத வெளங்கும்.

மரத்த நான் கடையில வாங்குறதில்ல. முக்காலிக்குக் காலு பூராம் காப்பித் தூரு, காப்பிச் செடியோட அடிக்கட்ட. எஸ்டேட்டுல கெழட்டுக் காப்பியப் புடுங்கிட்டுப் புதுசு நடுவாங்க. புடுங்குனது அடுப்புக்குத்தேன் போகும். இந்தா, தூக்கிப் பாருங்க. குடிச்சிட்டு வீட்டுக்கு வர்றவன் மாதிரி வளைஞ்சு நெளிஞ்சிருக்கும், ஆனா இரும்பு. பலக வந்து, இடிச்ச வீட்டுக் கதவு, ஜன்னலு. மழைக்கு ஓடையில உருண்டு வர்ற கட்டையும் எடுத்துக்குவேன். விழுந்தது, வீசுனது, வேணாம்னு விட்டது, அவ்வளவுதேன். நிக்கிற மரத்துல கை வச்சா ஃபாரஸ்ட்டுக்காரரு வந்துருவாரு. அவரு எப்பிடி வருவாரு? வயிறு மொதல்ல வரும். "ஏய் இன்னாசி..." அவரு அந்த வளைவுல திரும்பி வர்றதுக்குள்ள வயிறு என்னைய விசாரிச்சு முடிச்சுரும்.

இப்பக் கேட்டுக்கங்க. இந்தத் தொழில்ல ஒரே ஒரு சூச்சுமந்தேன். ஆணி கெடையாது. காலோட முனையச் சீவி, பலகையில துளையப் போட்டு, கொட்டாப்புளியால அடிச்சு எறக்குறோம். பலக கொஞ்சம் ஈரமா இருக்கலாம். காலு எலும்பாக் காஞ்சிருக்கணும். ஏன்? பலக காயக் காயச் சுருங்கும். சுருங்குனா காலக் கவ்விப் புடிச்சுக்கும். பேரன் வந்து உக்காந்தாலும் விடாது. அதையே தலகீழாச் செஞ்சா? காஞ்ச பலகையில பச்சக் கால எறக்குனா? காலு மெலிஞ்சுரும், துளை அப்பிடியே இருக்கும். காச்சல்ல கெடந்து எந்திரிச்சவன் வெரல்ல மோதிரம் ஆடுற மாதிரி ஆடும். பாக்குறதுக்குத் தெரியாது. உக்காந்தாத்தேன் தெரியும்.

இது எனக்குத் தெரியாதா? தெரியும். பால் குடிக்கிற புள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனா நடந்துபோச்சே. நான் என்ன பண்ணட்டும்?

மாப்ள பேரு ஜெரால்டு. ஜீப்பு ஓட்டுறான். எஸ்டேட்டுக் காப்பி மூட்டைய ஏத்திட்டுக் கீழ போவான், திரும்பி வர்றப்ப எனக்குக் கட்டை, பலகையெல்லாம் கொண்டாந்து போடுவான். ரெண்டு வருசமாப் போட்டான். ஒருத்தன் எதுக்குச் சும்மா இம்புட்டுக் கட்டையச் சொமக்குறான்னு நான் ஒரு நாகூட யோசிக்கல. என் வீட்டுக்காரி கித்தேரிதேன் சொன்னா. இடுப்புல கை வச்சிக்கிட்டு, "கட்டைய எறக்க அரமணி, தண்ணி குடிக்க ஒரு மணி. உங்களுக்குக் கண்ணு இருக்கா, இல்ல அதையும் பலகையில அடிச்சு எறக்கிட்டீகளா?"ன்னா. செலினக் கேட்டேன். தரையப் பாத்தா. தரையில ஒண்ணுமில்ல. சரின்னுட்டேன். நல்ல பயதேன்.

அவங்கப்பா சூசைமாணிக்கம். எஸ்டேட்டுல மேஸ்திரியா இருந்தவரு. சில்வர் ஓக்கு வெட்டுறப்ப மரம் சாஞ்சு எடது காலு மேல விழுந்துருச்சு. காலு தப்பிச்சிருச்சு, ஆனா குட்ட. மடங்காது. கம்பு ஊணித்தேன் நடப்பாரு. அந்தக் காலோட ரெண்டு மைலு நடந்து ஞாயித்துக்கெழம பூசைக்கு மொத ஆளா வந்து நிப்பாரு. மகன் ஜீப்புலகூட ஏற மாட்டாரு. "அதாகப்பட்டது, எனக்குன்னு ஒரு நட இருக்குப்பா"ம்பாரு. வைராக்கியம் புடிச்ச மனுசன்.

எங்க பக்கம் ஒரு வழக்கம் இருக்கு. சம்பந்தம் பேசி முடியிற வரைக்கும் மாப்ள வீட்டுக்காரவுக பொண்ணு வீட்டுல கை நனைக்க மாட்டாக. காப்பி குடிப்பாக, பேசுவாக, போயிருவாக. ஒரு நா வந்து எலையில உக்காந்து சோத்துல கைய வச்சிட்டாகன்னா முடிஞ்சுச்சு. அதுக்கப்புறம் வானமே இடிஞ்சு விழுந்தாலும் பேச்சு மாறாது. போன தை மாசம், கை நனைக்க வர்றோம்னு சொல்லிவிட்டாக.

வந்தா எல்லாருக்கும் பாய். அவருக்கு? அவருக்குத்தேன் காலு மடங்காதே, தரையில எப்பிடி உக்காருவாரு? அவருக்குன்னு தனியா ஒரு முக்காலி செய்யணும், சம்பந்தி சிம்மாசனம் மாதிரி இருக்கணும்னு நெனச்சேன். பாருங்க, எவ்வளவு யோசன பண்ணிருக்கேன் அந்த மனுசனுக்காக! பழைய கோயில் கதவுல ஒரு துண்டு வச்சிருந்தேன். பலாப் பலக. எங்கப்பன் பொறக்குறதுக்கு முன்னாடியே காஞ்சது. காலுக்கு மூணு காப்பித் தூரு எடுத்தேன். அழகுன்னா அழகு, அன்னம் கழுத்த வளைக்கிற மாதிரி. அப்ப செலினு வந்தா. "அப்பா, இது ஜெரால்டு போன வாரம் எறக்குன தூரு. பச்சையா இருக்கு"ன்னா. நான் அந்நேரம் வேலியோரம் நின்ன ஆளுகளுக்கு ஃபாரஸ்ட்டுக்காரர நடிச்சுக் காட்டிக்கிட்டு இருந்தேன். வயித்துல பாதி போயிட்டு இருக்கேன், நடுவுல நிறுத்த முடியுமா? "சரித்தா, சரித்தா"ன்னுட்டு எறக்கிட்டேன்.

ஒத்துக்கிறேன். தப்பு எம் மேலதேன். பச்சக் காலு வச்சேன். எவன் கேட்டாலும் ஒத்துக்குவேன்.

வந்தாக. எட்டுப் பேரு. மத்தவுக ஜீப்புல வந்து எறங்கிட்டாக, அவரு நடந்து வர்றாரு. எப்பிடி வந்தாரு? இருங்க, சொன்னாப் புரியாது, எந்திரிச்சுக் காட்டுறேன். அந்தக் கட்டையக் குடுங்க தம்பி. கம்பு இந்தக் கையில. தோளு இப்பிடி மேல ஏறும். டொக்கு... சர்ர்ரு. டொக்கு... சர்ர்ரு. வாசல்ல வந்து நின்னு, ம்ம்க்கும், ம்ம்க்கும், "அதாகப்பட்டது இன்னாசி... வீடு... நல்லாத்தேன் இருக்கு."

ஆங், சிரிப்பு வருதுல்ல? எல்லாருக்கும் வரும். இந்த மலையில எந்தக் கல்லுக்கும் சிரிப்பு வரும். செலினு, ஏன்த்தா தேய்க்கிறத நிறுத்திட்ட? தேய்யி, தேய்யி.

கத என்னான்னா, உக்காந்தாரு. "சம்பந்தி, இது உங்களுக்குன்னே செஞ்சது"ன்னேன். பலகையத் தடவிப் பாத்தாரு. "கோயில் கதவுல்ல இது"ன்னாரு. முகத்துல ஒரு சந்தோசம். கித்தேரி உள்ள சோறு வடிச்சு, கறிக்கொழம்பு எறக்கி, எலையக் கழுவி அடுக்கி வச்சிட்டா. அவரு காப்பி டம்ளர வாங்கக் கொஞ்சம் முன்னாடி சாஞ்சாரு பாருங்க. ஒரு காலு, சொல்லாமக் கொள்ளாம, வெளிய வந்துருச்சு. மனுசன் ஒரு பக்கம், கம்பு ஒரு பக்கம், காப்பி வேட்டியில.

அவ்வளவுதேன். விழுந்தாரு, போயிட்டாரு. அடுக்குன எல அடுக்குனபடி கெடந்துச்சு. கை நனைக்கல.

என்ன தங்கச்சி? விழுந்த ஒடனேயா போனாருன்னு கேக்குறீங்களா? ஒடனேன்னா, கொஞ்ச நேரம் இருந்துருப்பாரு. யாரு மணியப் பாத்தா? தூக்கிவிட்டாக. வீடே எழவு வீடு மாதிரி ஆயிருச்சு. கித்தேரி வாயில முந்தானய வச்சிக்கிட்டு நிக்கிறா. இப்பிடியே விட்டா நல்ல காரியம் கெட்டுப் போயிருமேன்னு எனக்குப் பதறுது. நாமதான கலகலப்பாக்கணும்? ஒரு வார்த்த சொன்னேன். "சம்பந்திக்குக் கம்போட சேத்து மூணு காலு, முக்காலிக்கு மூணு காலு. மூணு கால நம்பி மூணு காலு உக்காந்துச்சு, ஆறுல ஒண்ணும் வெளங்கல"ன்னேன்.

பாத்தீங்களா, நீங்களே சிரிச்சிட்டீங்க. அவுக கூட வந்த எளவட்டமெல்லாம் கெக்கெக்கேன்னு சிரிச்சிட்டாங்க. சிரிப்பு வந்துருச்சுன்னா அத விடக்கூடாது, அடுப்பு மாதிரி ஊதிவிடணும். எந்திரிச்சு ரெண்டு நட நடந்தேன். இப்பக் காட்டுனேனே, அதே நட. டொக்கு, சர்ர்ரு. ஜெரால்டு தலையக் குனிஞ்சுக்கிட்டான், பாவம், அப்பன் முன்னாடி சிரிப்ப அடக்க முடியல அவனுக்கு. நடந்து முடிச்சுத் திரும்பிப் பாக்குறேன், சூசைமாணிக்கம் அதுக்குள்ள கம்ப ஊணித் தெருவுல எறங்கிட்டாரு. விழுந்த வலி. இடுப்புல நல்ல அடி போல. வயசான எலும்பு, வலிக்கும்ல?

நீங்க மட்டும் ஏன் தங்கச்சி சிரிக்கல? முக்காலி உறுத்துதா?

சரி, நான் சும்மா விட்டேனா? விடல. தப்பு என்னுது, நாந்தான திருத்தணும். மறு வாரமே புதுசு ஒண்ணு செஞ்சேன். அடுப்பு மேல பரண்ல ரெண்டு வருசமாப் பொகையில கெடந்த காலு. கல்லு மாதிரி. பால் வண்டியில ஏத்தி அனுப்புனேன். அவரு வீடு கீழ, மாதா செலை வச்ச குகை மாதிரிக் கெபி இருக்குற வளைவுல, ஓட்டு வீடு. சாயங்காலம் அதே பால் வண்டியில முக்காலி திரும்பி வந்துருச்சு. டிரைவரு சொல்றாரு, "பெரியவரு பாத்தாருண்ணே. நல்லாருக்கு, எங்க வீட்டுல உக்கார ஆளில்லைன்னு சொன்னாரு." உக்கார ஆளில்லையா? வீட்டுல ஆறு பேரு இருக்காக!

நம்பிக்க வரல போலன்னு அடுத்தத இன்னும் கனமாச் செஞ்சேன். அது மேல ரெண்டு காப்பி மூட்டய வச்சு, மூட்ட மேல நானும் ஏறி உக்காந்து, ஒரு மணி நேரம் வெத்தல போட்டேன். அசையல. ஜெரால்டையே கூப்புட்டு ஜீப்புல ஏத்திவிட்டேன். அவன் என்னையப் பாக்கல, செலினப் பாத்தான். செலினு எங்கிட்டோ பாத்தா. மறுநா காலையில எங்க வாசல்ல இருக்கு முக்காலி. எப்ப வச்சான், எப்பப் போனான்னே தெரியல.

மூணாவது, கோயில் உபதேசியார் கையில குடுத்தேன். பெரிய மனுசன், அவரு சொன்னாக் கேப்பாரு. ஒரு சேதியும் சொல்லிவிட்டேன். "இது நொண்டாதுன்னு சொல்லுங்க. இந்தத் தடவ சத்தியமா நொண்டாது"ன்னேன். நல்ல சேதிதான? உபதேசியார் அதச் சொன்னாரா முழுங்கிட்டாரான்னு தெரியல. கேட்டா, "இன்னாசி, நீ சாமியார்கிட்டப் போயி செஞ்ச பாவத்தச் சொல்லி ஒரு தடவ பாவசங்கீர்த்தனம் பண்ணு"ங்குறாரு. முக்காலிக்கா பாவசங்கீர்த்தனம் பண்ணுவாங்க?

கித்தேரி ஒரே புடியா நிக்கிறா, "நீங்க நேர்ல போங்க, நீங்க நேர்ல போங்க"ன்னு. போகாமயா இருந்தேன்? போனேன். கெபி வளைவு வரைக்கும் போயிட்டேன். எதுத்தாப்புல டீக்கட. அங்க பசங்க புடிச்சிக்கிட்டாங்க, "பெரியப்பா, அந்த நட! அந்த நட!" சேதி மலை பூராம் பரவிருச்சு பாத்துக்கங்க, பேரு வாங்கிட்டோம்ல. சின்னஞ்சிறுசுக ஆசப்பட்டுக் கேக்குது, எப்பிடி மாட்டேங்குறது? ஒரே ஒரு தடவ நடந்து காட்டிட்டுத் திரும்புறேன், சூசைமாணிக்கம் வீட்டுக் கதவு படார்னு சாத்துது. நல்ல வெயிலு, காத்தோட்டத்துக்குத் தொறந்து வச்சிருக்க வேண்டிய நேரம். பூட்டுன கதவத் தட்டுறது மரியாதயான்னு திரும்பி வந்துட்டேன்.

இன்னும் நான் என்னதேன் பண்ணட்டும்? சொல்லுங்க. நீங்கள்லாம் படிச்சவுக, நாலு எடம் பாத்தவுக. நான் ரெண்டாப்பு. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் மரம். மரத்துல என்ன கொறன்னு சொன்னா ராவோட ராவாத் திருத்திருவேன். ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்குறாரே! வையி, அடி, கேஸு போடு. எதாச்சும் செஞ்சாத் திருப்பி எதாச்சும் செய்யலாம். இவரு கதவச் சாத்துறாரு. சாத்துன கதவ நான் எப்பிடி நடிக்கிறது?

இதையெல்லாம் இன்னைக்கு ஏன் சொல்றேன்னா, காரணம் இருக்கு. வர்ற ஞாயித்துக்கெழம ஜெரால்டுக்குக் கீழ வேற எடத்துல பொண்ணு பாக்கப் போறாக. பால் வண்டிக்காரரு சொன்னாரு. பாத்துட்டு வர்றது மட்டுமில்ல, புடிச்சிருந்தா அங்கேயே கை நனைச்சிட்டு வந்துருவாகளாம். இன்னைக்கு வெள்ளிக்கெழம. அதுல எலையில கை பட்டுச்சுன்னா முடிஞ்சுச்சு. அப்புறம் இவ இந்த வாசப்படியிலயே உக்காந்து ஊரு மரத்த பூராம் தேய்ச்சுத் தூசியாக்கிருவா.

அதனால நாலாவது ஒண்ணு செஞ்சிருக்கேன். இந்தா, இதேன். மேல இருக்குற சாக்க எடுங்க தம்பி. எப்பிடி? அதே கோயில் கதவுல மிச்சம் இருந்த துண்டு. காலு அஞ்சு வருசம் காஞ்சது. உக்காருங்க. குதிங்க. குதிங்கன்னா! ஆடுதா? கடுகளவு ஆடுதா? இதுல ஒரு யான வந்து உக்காந்து எலையப் போடுன்னு கேக்கலாம்.

நீங்க மத்தியானம் கார்ல கீழதான எறங்குறீங்க? கெபி வளைவுல ஒரு நிமிசம் நிறுத்தி, அந்த ஓட்டு வீட்டு வாசல்ல இத வச்சிட்டுப் போங்க. வெளியூருக்காரவுக குடுத்தா வேணாம்னு சொல்ல மாட்டாரு, மரியாத தெரிஞ்ச மனுசன். என்ன சொல்லிக் குடுக்குறதுன்னு மட்டும் நீங்களே யோசிச்சு நல்ல வார்த்தையாச் சொல்லுங்க. இன்னாசி பச்சக் காலு வச்சது தப்புன்னு ஒத்துக்கிட்டான்னு சொல்லுங்க. வேணும்னா நானே நொண்டிக்கிட்டே போயி...

என்ன தங்கச்சி, தூக்கிட்டு நிக்கிறீங்க, போக மாட்டேங்குறீங்க? கனமா இருக்கா? ஏன் எல்லாரும் அங்கிட்டுப் பாக்குறீங்க? யாராச்சும் சொல்லுங்கய்யா, இதுல இன்னும் என்னதேன் கொறச்ச?

செலினு? உப்புத்தாளக் கீழ வச்சிட்ட. எந்திரிச்சு வர்ற. என்னாத்தா... என்னமோ சொல்ல வந்தியே. சொல்லு. மூணு மாசங் கழிச்சு அப்பாகிட்ட ஒரு வார்த்த பேச வந்திருக்க, சொல்லுத்தா.

"அத எறக்கி வச்சிருங்கக்கா, கொண்டு போக வேணாம். அப்பா, அன்னைக்கு விழுந்தவரு எந்திரிச்சு, வேட்டியத் தொடச்சு, மடங்காத கால நீட்டிக்கிட்டுத் தரையில உக்காந்து, 'எலையப் போடும்மா'ன்னு எங்கிட்டக் கேட்டாரு. நான் எலைய விரிக்கிறதுக்குள்ள நீ நடந்து காட்டிட்டப்பா."